சுபாரு எஸ்டிஐ-க்கு மாற்று கிளட்ச்: நெரிசலிலும் ஊர வேண்டும், மலையிலும் இழுக்க வேண்டும்

பூச்சோங்வாசி:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 2006-ஆம் ஆண்டு சுபாரு இம்ப்ரேசா எஸ்டிஐ. 2.5 லிட்டர் டர்போ, ஆறு கியர் மேனுவல். தொழிற்சாலையிலிருந்து வரும்போது 280 குதிரைத்திறன், 392 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. என் கைக்கு வருவதற்கு முன்பே புகைக்குழாயை மாற்றி, எஞ்சின் கணினியையும் திருத்தியிருந்தார்கள். அண்மையில் டைனோவில் (எஞ்சினின் விசையை அளக்கும் கருவி) ஏற்றிப் பார்த்தபோது எஞ்சின் கணக்கில் 480 நியூட்டன் மீட்டர் காட்டியது.

காராக் நெடுஞ்சாலையில் கோம்பாக் டோலைத் தாண்டி கெந்திங் செம்பா நோக்கி ஏறும்போது, நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் டாக்கோமீட்டர் முள் துள்ளி ஏறுகிறது, கார் அதற்கேற்ப நகரவில்லை. கொஞ்சம் விட்டுப் பிடித்தால் மீண்டும் பற்றிக்கொள்கிறது. கருகல் வாசனையும் வருகிறது. கிளட்ச் வழுக்குகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இந்த கார் தினமும் ஓடும் கார். காலையில் டாமன்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலையில் ஊர்ந்து பெட்டாலிங் ஜெயா, மாலையில் அதே வழியில் ஊர்ந்து வீடு. வார இறுதியில் உலு யாம் மலைச்சாலை பக்கம் போவேன். செப்பாங் தடத்தில் எப்போதாவது ஓட்டும் எண்ணமும் உண்டு. என் மனைவியும் இதே காரை ஓட்டுகிறார். ஆகவே பெடல் கல்லாக இருக்கக் கூடாது.

அசல் கிளட்சையே மீண்டும் போடலாமா, வலுவான கவரும் (பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பாகம்) ஆர்கானிக் பிளேட்டும் (நார்க் கலவையால் ஆன உராய்வுத் தட்டு) உள்ள ஒற்றைத் தட்டு வாங்கலாமா, ஒரேயடியாக இரட்டைத் தட்டுக்குப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல் ஃபோர்மேன்:

தம்பி, எந்த கிளட்ச் என்று முடிவெடுப்பதற்கு முன், பழையது ஏன் வழுக்குகிறது என்று தெரிந்தாக வேண்டும். முறுக்குவிசையைத் தாங்க முடியாமல் வழுக்குவது ஒரு வகை. எண்ணெய் பட்டு வழுக்குவது வேறு வகை. இரண்டாவதாக இருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த கிளட்ச் போட்டாலும் அதுவும் சில மாதங்களில் இதே கதிக்கு வரும்.

உங்கள் எஞ்சினின் பின்பக்கத்தில் எண்ணெய் கசிய இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று கிராங்க் தண்டின் பின்பக்க சீல். மற்றொன்று எண்ணெய் பிரிப்பான் மூடி. பழைய எஞ்சின்களில் அது பிளாஸ்டிக். வெப்பத்தில் வளைந்து ஓரம் கசியும். உலோக மூடி கிடைக்கிறது, திறந்த கையோடு மாற்றிவிடுங்கள். மூன்றாவது இடம் கியர்பாக்ஸின் உள்தண்டு சீல். எது கசிகிறது என்பதை மூக்கே சொல்லிவிடும். கியர் எண்ணெயில் கந்தக நாற்றம் அடிக்கும், எஞ்சின் எண்ணெயில் அது இராது.

இன்னொன்று, பெடல் பக்கம் பாருங்கள். பெடலின் அழுத்தத்தைத் திரவக் குழாய்க்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் தண்டில் சிறிதளவாவது இடைவெளி இருக்க வேண்டும். பிடிப்பு மேலே வர வேண்டும் என்று யாராவது அந்தத் தண்டை நீளமாகத் திருகிவிட்டால், காலை எடுத்த பிறகும் குழாயில் அழுத்தம் தங்கிவிடும். எப்போதும் பெடலில் லேசாகக் காலை வைத்திருப்பதற்குச் சமம் அது. நல்ல கிளட்ச்கூட அப்படி வழுக்கும். இதைப் பார்க்கக் காசு செலவில்லை. முதலில் இதைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

பாயான் லெப்பாஸ் கணக்கு:

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். ஐயா சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள். அதற்கிடையில், எவ்வளவு தாங்கும் கிளட்ச் தேவை என்பதைக் கணக்குப் போட்டே தெரிந்துகொள்ளலாம். விற்பவர் சொல்லும் குதிரைத்திறனை ஒதுக்கிவிடுங்கள். கிளட்ச் தாங்குவது முறுக்குவிசையை. நிமிடத்துக்கு 8,000 சுழற்சியில் 225 குதிரைத்திறன் தரும் சிவிக் டைப் ஆர் எஃப்டி2-வின் முறுக்குவிசை வெறும் 215 நியூட்டன் மீட்டர்தான். உங்கள் டர்போவில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

ஒரு கிளட்ச் தாங்கும் முறுக்குவிசை நான்கு எண்களின் பெருக்கம்: உராய்வுக் குணகம், கவர் அழுத்தும் விசை, உராய்வுப் பரப்பின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. எடுத்துக்காட்டாக 240 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 160 மில்லிமீட்டர் உள்விட்டமும் உள்ள பிளேட் என்று வைத்துக்கொள்வோம். சராசரி ஆரம் 100 மில்லிமீட்டர், அதாவது 0.1 மீட்டர். ஆர்கானிக் பிளேட்டுக்கு உராய்வுக் குணகம் 0.3. கவரின் விசை 8,000 நியூட்டன். முகங்கள் இரண்டு. பெருக்கினால் 480 நியூட்டன் மீட்டர்.

உங்கள் டைனோ காட்டியதும் 480. அப்படிப்பட்ட கிளட்ச் காகிதத்தில் சரியாகப் பொருந்துவதுபோல் தோன்றும், சாலையில் தோற்றுவிடும். பிளேட் சூடேறினால் குணகம் குறையும். பிளேட் தேய்ந்தால் கவரின் விசையும் மாறும். குறைந்தது 20 விழுக்காடு கூடுதல் கையிருப்பு வேண்டும். 480-க்கு 576, அதாவது 600 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

600-ஐ எட்ட மூன்று வழிகள். கவரின் விசையை 10,000 நியூட்டனாக ஏற்றலாம். பெடல் ஏறக்குறைய கால் பங்கு கனக்கும். அல்லது அதே 8,000 நியூட்டனில் 0.4 குணகம் உள்ள உலோகத்தூள் பிளேட் போடலாம், கணக்கு 640 வரும். அல்லது இரட்டைத் தட்டு போட்டு முகங்களை நான்காக்கலாம். அதில் விசையைக் குறைத்தாலும் போதும், பெடல் இலேசாகவே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித் தொல்லை உண்டு என்பதைக் கணக்கு சொல்லாது, ஓட்டினால்தான் தெரியும்.

இரவுச்சாலை:

கணக்கு அண்ணன் சொன்னதிலேயே விடை இருக்கிறதே. இரட்டைத் தட்டு! பெடல் இலேசு, தாங்கும் விசை அதிகம், தட்டுகளின் விட்டம் சிறிது என்பதால் கியர் மாற்றும்போது எஞ்சின் சட்டென்று இறங்கும். நான் மிட்சுபிஷி எவோ 9-இல் எக்ஸெடி நிறுவனத்தின் இரட்டைத் தட்டு போட்டு ஓட்டுகிறேன். உலு யாம் வளைவுகளில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கிடைக்கும் அந்தக் கூர்மை எந்த ஒற்றைத் தட்டிலும் கிடைக்காது. இன்று 480, நாளை பெரிய டர்போ போட்டால் 600 ஆகும். அப்போது மறுபடி கியர்பாக்ஸை இறக்கி, மறுபடி கூலி கொடுக்க வேண்டுமா? செய்வதை ஒரே முறையில் செய்துவிடுங்கள் சகோதரரே.

செந்தூல் ஃபோர்மேன்:

இரவுச்சாலை தம்பி, உங்கள் காருக்கு அது சரி. நீங்கள் இரவில் மலைக்குப் போகிறவர். பூச்சோங் தம்பி காலை ஏழு மணிக்கு நெரிசலில் நிற்கிறவர். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு கிளட்ச் பேசக் கூடாது.

இரட்டைத் தட்டின் சங்கடத்தைச் சொல்கிறேன். பெடலை மிதித்தால் கவர் விலகும் தூரம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஒற்றைத் தட்டில் அந்த இடைவெளி இரண்டு முகங்களுக்குப் பங்காகிறது. இரட்டைத் தட்டில் நான்கு முகங்களுக்குப் பங்காக வேண்டும். ஹைட்ராலிக்கில் சிறிது காற்றோ, பழைய திரவமோ இருந்தால் போதும், தட்டுகள் முழுதாகப் பிரியாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். வெயிலில், நெரிசலில், எல்லாம் சூடான பிறகு முதல் கியர் விழ மறுக்கும். பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார்.

இலேசான பெடல் என்றால் ஓட்ட எளிது என்று நினைப்பதும் தவறு. அந்தத் தட்டுகளில் பெரும்பாலானவை உலோகத்தூள் வகை. விரல் அளவு நகர்வில் பற்றும் அல்லது விடும், இடையில் ஒன்றும் இல்லை. தினமும் ஊர்கிறவருக்கு வேண்டியது அந்த இடைப்பட்ட நிலைதான். ஆர்கானிக் இரட்டைத் தட்டுகளும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் விலையைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

கிள்ளான் புதியவர்:

ஐயா, ஒரு கேள்வி. செப்பாங் தடத்தில் ஓட்டப்போகிறேன் என்றும் சொல்கிறாரே. பந்தயத் தடத்தில் ஆர்கானிக் பிளேட் எரிந்துவிடாதா?

பாயான் லெப்பாஸ் கணக்கு:

நல்ல கேள்வி. இதில்தான் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

கிளட்ச் சூடாவது அது வழுக்கும் நேரத்தில் மட்டுமே. முழுதாகப் பற்றிக்கொண்ட கிளட்சில் எவ்வளவு முறுக்குவிசை சென்றாலும் வழுக்கல் இல்லை, வெப்பமும் இல்லை. செப்பாங் சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். ஒரு சுற்று முழுக்க கிளட்ச் வழுக்குவது கியர் மாற்றும் அந்தச் சில நொடித் துளிகளில்தான். கார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் அந்த வழுக்கலும் சிறிது. நெடுஞ்சாலை நெரிசலில் அப்படியில்லை. ஒவ்வொரு நகர்விலும் நின்ற நிலையிலிருந்து கிளம்ப வேண்டும்.

எண்ணில் சொல்கிறேன். சமதரையில் நிலையாக நிற்கும் காரைக் கிளப்பும்போது, கார் பெறும் இயக்க ஆற்றலுக்கு ஏறத்தாழச் சமமான ஆற்றல் கிளட்சில் வெப்பமாகிறது. ஆளோடு சேர்த்து 1,500 கிலோ. மெதுவாக விட்டு, மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் கிளட்ச் முழுதாகப் பற்றுகிறது என்றால் சுமார் 5.8 கிலோஜூல். அதே காரை 5,000 சுழற்சியில் வைத்துப் பாய்ச்சினால் முதல் கியரில் கிளட்ச் பற்றி முடிக்கும்போது வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தொடும். வேகம் நான்கு மடங்கு, வெப்பம் பதினாறு மடங்கு. சுமார் 93 கிலோஜூல் அந்த ஒன்றிரண்டு நொடியில் பிளேட்டின் முகத்தில் இறங்குகிறது.

ஆகவே தடத்தில் சுற்றுவதற்கு உலோகத்தூள் பிளேட் அவசியமில்லை. டிராக் ரேஸ் போல நின்ற இடத்திலிருந்து பாய்ச்சும் பழக்கம் இருந்தால்தான் அவசியம். மலை ஏற்றத்தில் நிற்கும் வரிசையில் கிளட்சாலேயே காரைப் பிடித்து நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் எந்தப் பிளேட்டையும் எரித்துவிடுவார்கள். ஹேண்ட்பிரேக் எதற்கு இருக்கிறது?

பிறை வடகரை:

இன்னொரு கோணத்தையும் சேர்க்கிறேன். எஸ்டிஐ நான்கு சக்கர இழுவை. நான் முன்பு வைத்திருந்த புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ முன்சக்கர இழுவை. அதில் கிளட்சைச் சட்டென்று விட்டால் முன் டயர்கள் சுழன்றுவிடும், மிஞ்சிய விசை டயரிலேயே போய்விடும். எஸ்டிஐ-யில் நான்கு டயரும் தரையைப் பிடித்துக்கொள்ளும். விட்டுக்கொடுக்க வேண்டியது கிளட்ச் மட்டும்தான். கிளட்சும் விட்டுக்கொடுக்க மறுத்தால் அந்த அடி கியர்பாக்ஸுக்குப் போகும்.

சுபாருவின் ஐந்து கியர் டபிள்யூஆர்எக்ஸ் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். அந்த கியர்பாக்ஸ் எஸ்டிஐ-யின் ஆறு கியர் பெட்டி அளவுக்கு உறுதியானது இல்லை. அதில் மூன்று பட்டை உலோகத்தூள் பிளேட்டைப் போட்டுப் பாய்ச்சினால் பற்கள் உடைந்து எண்ணெயோடு வரும். மின்சாரத்தில் ஃபியூஸ் போல கிளட்ச் கொஞ்சம் வழுக்கி கியரைக் காப்பாற்றுகிறது. பூச்சோங் நண்பருக்கு ஆறு கியர் என்பதால் அவ்வளவு அச்சம் இல்லை. ஆனாலும் நடுவில் ஸ்பிரிங் உள்ள பிளேட்டையே வாங்குங்கள். ஸ்பிரிங் இல்லாத பிளேட் ஒவ்வொரு அதிர்வையும் நேரே கியர்பாக்ஸுக்குள் அனுப்பும்.

பூச்சோங்வாசி:

எல்லாருக்கும் நன்றி. பெடல் தண்டைப் பார்த்தோம், இடைவெளி சரியாகவே இருந்தது. ஆகவே கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்து, எங்கள் பக்கத்துப் பட்டறையில் காரை விட்டேன். திறந்ததும் அழைத்தார்கள். போய்க் கூடவே நின்று பார்த்தேன்.

எண்ணெய் எங்கும் இல்லை. கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் உள்ளே கருந்தூள் மட்டும். பிளேட்டின் ஃபிளைவீல் (எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரம்) பக்க முகம் ரிவெட் தலைகளைத் தொடும் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது, கவர் பக்க முகத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஃபிளைவீலில் காசு அளவு நீலப் புள்ளிகள் வட்டமாக வரிசையாக இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே முடி போன்ற விரிசல்கள். நகத்தால் கீறினால் சில விரிசல்களில் நகம் மாட்டுகிறது. பெடலை மிதிக்கும்போது கிளட்சைப் பிரிக்கும் ரிலீஸ் பெயரிங் சரிந்து ஓடும் குழாயில் ஒரு பக்கம் படிபோலத் தேய்ந்திருக்கிறது, விரலால் தடவினாலே தெரிகிறது.

ஃபிளைவீலைக் கடைந்து பயன்படுத்தலாம் என்று பட்டறையில் சொல்கிறார்கள். இலேசான ஃபிளைவீல் வாங்குங்கள், எஞ்சின் துள்ளும் என்று என் அலுவலக நண்பர் சொல்கிறார். என்ன செய்யலாம்?

செந்தூல் ஃபோர்மேன்:

நகம் மாட்டும் விரிசல் என்றால் அந்த ஃபிளைவீலை விட்டுவிடுங்கள். நீலப் புள்ளி என்பது அந்த இடத்தில் இரும்பு மிகச் சூடாகி, அதன் தன்மையே மாறியிருப்பதன் அடையாளம். கடைந்தால் மேல்தோல் போகும், கெட்டியான புள்ளி அடியில் நிற்கும். புதுப் பிளேட் அந்த இடத்தில் ஒரே சீராகத் தேயாது. கிளம்பும்போது கார் நடுங்கும். புதிது வாங்குவதே முறை.

நல்ல ஃபிளைவீலைக் கடைவது வேறு. அதிலும் கடைசல் பட்டறையில் கவனமாக இருக்க வேண்டும். சில கார்களில் பிளேட் உராயும் முகமும் கவர் உட்காரும் முகமும் ஒரே மட்டத்தில் இராது, படி வெட்டியிருப்பார்கள். ஒன்றைக் கடைந்தால் மற்றதையும் அதே அளவு கடைய வேண்டும். அந்தப் படியின் உயரம் மாறினால் கவரின் விசையும் மாறிவிடும். புதுக் கவர் போட்டும் வழுக்குகிறது என்று வருகிறவர்களில் சிலரின் காரில் இதுதான் நடந்திருக்கிறது.

தேய்ந்த குழாயையும் விடாதீர்கள். புது பெயரிங் அந்தப் படியில் மாட்டி மாட்டி ஓடும், பெடல் விக்கி விக்கி இறங்கும். பிறகு கிளட்சைக் குறை சொல்வார்கள். பெயரிங்கை நகர்த்தும் ஃபோர்க்கையும் கழற்றி, வளையும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கவர் கனமாகும்போது ஃபோர்க் வாங்கும் அடியும் கூடும்.

பாயான் லெப்பாஸ் கணக்கு:

இலேசான ஃபிளைவீல் பற்றி. 8 கிலோ எஃகு ஃபிளைவீலை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 3.8 கிலோஜூல் வேண்டும். 5 கிலோ என்றால் 2.4 கிலோஜூல் போதும். ஒவ்வொரு கிளம்பலிலும் வரும் வெப்பத்தின் ஒரு பாதியை வாங்கிக்கொள்வது ஃபிளைவீல். எடையைக் குறைத்தால் அதே நெரிசலில் அது விரைவாகச் சூடேறும். உங்கள் பழைய ஃபிளைவீல் நீலம் பூத்ததற்குக் காரணம் எதுவோ, அது இன்னும் வேகமாக நடக்கும். கிளம்பும்போது எஞ்சின் அணையாமல் இருக்க ஆக்சிலரேட்டரைக் கூடுதலாகக் கொடுப்பீர்கள், அதனால் வழுக்கலும் கூடும்.

மலையில் அந்தத் துள்ளல் இனிமையானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எஞ்சின் நிலையாக ஓடும்போது கியர்பாக்ஸில் கடகடச் சத்தம் கேட்கும். சில கார்களில் சுழற்சியின் ஏற்ற இறக்கத்தைக் கணினி தவறாகப் படித்து, மிஸ்ஃபயர் (எரிபொருள் எரியத் தவறுதல்) என்று விளக்கை எரியவிடும். உங்கள் ஓட்டத்துக்கு அசல் எடையே நல்லது.

இரவுச்சாலை:

நான் இன்னும் இரட்டைத் தட்டுக் கட்சிதான், ஆனால் தடத்தில் கிளட்ச் சூடாகாது என்ற விளக்கத்தை ஏற்கிறேன். நானும் யோசித்துப் பார்த்தேன், என் காரில் வாசனை வந்ததெல்லாம் கீழே ஊருக்குள் நெரிசலில்தான், மலையில் வந்ததே இல்லை. சரி, ஒற்றைத் தட்டு என்றால் எதை வாங்குவது? எக்ஸெடியில் ஸ்டேஜ் 1 என்பது ஆர்கானிக், ஸ்டேஜ் 2 என்பது உலோகத்தூள். ஏசிடியில் வலுவான கவரோடு ஸ்பிரிங் வைத்த முழுவட்ட பிளேட் கிடைக்கிறது. ஸ்டேஜ் என்ற எண்ணைப் பார்த்து, பெரிய எண் சிறந்தது என்று எடுத்துவிடாதீர்கள்.

செந்தூல் ஃபோர்மேன்:

சரியாகச் சொன்னீர்கள். நிறுவனம் எதுவாக இருந்தாலும் மூன்றைக் கேளுங்கள்: பிளேட் எந்தப் பொருள், முழு வட்டமா துண்டுகளா, தாங்கும் முறுக்குவிசை எவ்வளவு. தயாரிப்பாளரின் அட்டவணையில் அந்த எண் இருக்கும். கடைக்காரர் "ஐந்நூறு குதிரை தாங்கும்" என்று வாயால் சொன்னால் அதை எழுதி வாங்க முடியாது.

கெவ்லார் பிளேட் பற்றியும் சிலர் கேட்பார்கள். மென்மையாகப் பற்றும், நெடுநாள் வரும். ஆனால் பழக்கப்படுத்த நிறைய ஓட்ட வேண்டும், அதற்குள் ஒருமுறை நன்றாகச் சூடாக்கிவிட்டால் முகம் கண்ணாடிபோல் ஆகிவிடும். பொறுமை உள்ளவர்கள் போடட்டும்.

அப்புறம், போலிச் சரக்கு. பெட்டி அசல்போலவே அச்சடிக்கிறார்கள். கவரைக் கையில் எடுத்துப் பாருங்கள். ரிவெட்கள் ஒரே சீராக அடித்திருக்க வேண்டும், பாக எண் உலோகத்தில் பதிந்திருக்க வேண்டும், கவரின் நடுவில் உள்ள டயஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்களின் முனைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு நேர்க்கோலை மேலே வைத்தால் தெரிந்துவிடும். வெட்டி இறக்குமதி செய்த பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப் கட் கடையில் வரும் பழைய கிளட்சை வாங்கலாமா என்று கேட்காதீர்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் அங்கே வாங்கலாம். கிளட்ச் பிளேட்டின் மிச்ச ஆயுளை யாரும் உத்தரவாதமாகச் சொல்ல முடியாது, மாற்றும் கூலி மட்டும் முழுதாகப் போகும்.

கிள்ளான் புதியவர்:

ஐயா, மாற்றும்போது என்ன கவனிக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். நானும் ஒரு எஸ்டிஐ வாங்கும் எண்ணத்தில் இருக்கிறேன்.

செந்தூல் ஃபோர்மேன்:

எஸ்டிஐ-யின் கிளட்ச் இழுக்கும் வகை. பெரும்பாலான கார்களில் பெயரிங் டயஃப்ரத்தை உள்ளே தள்ளும். இதில் வெளியே இழுக்கும். பெயரிங் கவரோடு பூட்டிக்கொண்டிருக்கும். இது தெரியாதவர் கியர்பாக்ஸ் போல்ட்டுகளையெல்லாம் கழற்றிவிட்டுக் கடப்பாரை போட்டு நெம்புவார். பிரியாது. பிரிந்தால் எதையாவது உடைத்துக்கொண்டு பிரியும்.

முறை இது. இன்டர்கூலரை எடுத்தால் ஃபோர்க்கைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் மேலேயே தெரியும், அதைக் கழற்றி ஒதுக்குங்கள். பெல் ஹவுசிங் பக்கவாட்டில் ஓர் அடைப்பான் இருக்கும். 10 மில்லிமீட்டர் அறுகோணச் சாவியால் அதைத் திறந்தால் ஃபோர்க்கின் அச்சுத்தண்டின் முனை தெரியும். தண்டின் முனையில் மரை இருக்கிறது. அதில் ஒரு சின்ன போல்ட்டைத் திருகி, நேராக வெளியே இழுத்தால் தண்டு வரும், ஃபோர்க் தளர்ந்து நிற்கும். அதன் பிறகு எஞ்சினும் கியர்பாக்ஸும் சண்டை போடாமல் பிரியும். எஞ்சினை மேலே தூக்குவதா கியர்பாக்ஸைக் கீழே இறக்குவதா என்று பட்டறைக்குப் பட்டறை வழக்கம் வேறுபடும். நான் எஞ்சினைத் தூக்கும் பக்கம். சீல்களும் எண்ணெய் மூடியும் கண்ணெதிரே நிற்கும், நின்றுகொண்டே வேலை பார்க்கலாம்.

பூட்டும்போது: ஃபிளைவீல் முகத்தைத் துடைத்த பிறகு கை படக் கூடாது. உள்தண்டின் பல்வரிசையில் கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும், மிஞ்சினால் சுழற்சியில் தெறித்துப் பிளேட்டில் விழும். நடுமையக் கோலை வைத்துப் பிளேட்டை நிறுத்தி, கவரின் ஆறு போல்ட்டுகளையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரு பக்கம் முதலில் இறுகினால் கவர் கோணிவிடும். அசல் கவருக்குச் சுமார் 16 நியூட்டன் மீட்டர்தான். கை வலிமையைக் காட்டும் இடம் அது இல்லை. ஃபிளைவீலின் எட்டு போல்ட்டுகளுக்கு 72. வேறு நிறுவனத்தின் தொகுப்பு என்றால் அவர்கள் தாளில் உள்ள எண்ணைப் பின்பற்றுங்கள். டார்க் ரென்ச் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஹைட்ராலிக் திரவத்தையும் அன்றே மாற்றுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அது தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

பூச்சோங்வாசி:

வேலை முடிந்தது. வலுவூட்டிய கவர், ஸ்பிரிங் வைத்த முழுவட்ட ஆர்கானிக் பிளேட். தயாரிப்பாளரின் அட்டவணைப்படி தாங்கும் முறுக்குவிசை கணக்கு நண்பர் சொன்ன 600-ஐச் சற்றே தாண்டுகிறது. அசல் எடையில் புது ஃபிளைவீல், புது பெயரிங், புதுக் குழாய், கிராங்க் சீல், உலோக எண்ணெய் மூடி. ஃபோர்க்கில் விரிசல் இல்லை, அதையே போட்டோம். பெரிய டர்போ போடும் திட்டம் எனக்கு இல்லை, ஆகவே இரட்டைத் தட்டுக்குப் போகவில்லை. இரவுச்சாலை நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெடல் முன்பைவிடக் கனம்தான். மனைவி ஒரு வாரம் ஓட்டிவிட்டு, கனம் பழகிவிட்டது, ஆனால் பிடிக்கும் இடம் முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறது என்றார். எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

இரண்டு கேள்விகள். பழக்கப்படுத்த 800 கிலோமீட்டர் என்று தாளில் இருக்கிறது. ஈப்போவுக்கு ஒருமுறை போய் வந்தால் பாதி முடிந்துவிடுமா? அடுத்து, கியரில் இல்லாமல் நிற்கும்போது மெல்லிய கரகரப்பு கேட்கிறது.

பாயான் லெப்பாஸ் கணக்கு:

ஈப்போ பயணம் கணக்கில் சேராது. நெடுஞ்சாலையில் கிளட்ச் பற்றியபடியேதான் இருக்கும், முகங்கள் ஒன்றையொன்று உரசிப் பதிய வாய்ப்பே இல்லை. ஊருக்குள் ஓடும் 800 கிலோமீட்டரைத்தான் அவர்கள் சொல்கிறார்கள். டாமன்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலை அதைத் தானாகப் பார்த்துக்கொள்ளும். அதுவரை முழு ஆக்சிலரேட்டர் வேண்டாம், நான்காவது கியர் சோதனையும் வேண்டாம்.

செந்தூல் ஃபோர்மேன்:

கரகரப்பு பெடலை மிதித்தால் கூடுகிறதா, நிற்கிறதா? மிதிக்கும்போது கூடினால் ரிலீஸ் பெயரிங், உடனே பட்டறைக்குப் போங்கள், அது அவர்கள் பொறுப்பு. மிதிக்கும்போது நின்றால் சத்தம் கியர்பாக்ஸுக்குள்.

பூச்சோங்வாசி:

மிதித்தால் நிற்கிறது ஐயா. காலை எடுத்தால் மெதுவாக வருகிறது. சூடான பிறகு கொஞ்சம் அதிகம்.

செந்தூல் ஃபோர்மேன்:

அப்படியானால் கிளட்ச் வேலையில் குறையில்லை. புதுப் பிளேட்டின் ஸ்பிரிங்குகள் பழையதைவிட இறுக்கம், எஞ்சின் அதிர்வு கொஞ்சம் கூடுதலாகக் கியர்களுக்குப் போய் அவை ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும். உள்தண்டு பெயரிங்காகவும் இருக்கலாம். கியர் எண்ணெயை இறக்குங்கள், காந்த அடைப்பானில் சாம்பல் நிறப் பசை மட்டும் இருந்தால் அச்சமில்லை. மினுமினுக்கும் துகள் இருந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள். ஜிஎல்-5 தரத்தில் 75டபிள்யூ-90 கியர் எண்ணெய் ஊற்றி, ஒரு வாரம் ஓட்டிவிட்டுச் சொல்லுங்கள்.

பூச்சோங்வாசி:

சனிக்கிழமை இறக்குகிறோம். படம் போடுகிறேன்.